வேஸ்ட்கேட் குழாயில் மறந்த கிடுக்கி

சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது. மெக்கானிக் அதை மூன்று தரம் பார்த்தார்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் ஓர் ஆணி உண்டு, அதைச் சுற்றிப் பெயின்டில் வரைந்த அதன் உருவமும் உண்டு. எதையும் மூன்று தரம் பார்க்காமல் வண்டியை வெளியே விடமாட்டார். தெருவில் அவருக்கு 'மூணுதரம்' என்றே பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று கோட்டை விட்டுவிட்டார். காணாமல் போனது, ரப்பர் குழாயை நெரித்து மூடும் சின்னக் கிடுக்கி. அது இப்போது அவர் மகளின் காருக்குள் வேஸ்ட்கேட் குழாயைக் கவ்விக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சமாசாரம். அந்த அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். அது அளவு மீறினால் வேஸ்ட்கேட் என்கிற குட்டிக் கதவு திறந்து, புகையை வேறு வழியாகத் திருப்பிவிடும். திற என்று கதவுக்குச் சொல்வதே அந்த மெல்லிய குழாய் வழியாக வரும் காற்றுதான். கசிவு பார்ப்பதற்காக அதை நெரித்து வைத்தவர், கிடுக்கியை எடுக்க மறந்துவிட்டார். இனிக் கதவு திறக்காது. மிதிக்க மிதிக்க பூஸ்ட் ஏறும். பூஸ்ட் மீறினால் தடுக்கக் கம்பெனி வைத்த காவல்களையெல்லாம் வண்டியை மாற்றியமைத்தபோதே கழற்றியாயிற்று. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் பிஸ்டன் உருகும். நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது எஞ்சின் நின்றுபோனால்? ஐயோ!

எல்லாம் சண்டையால் வந்த வினை. "இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏத்திக் குடுங்கப்பா, என் வண்டிதானே?" என்று மகள் காலையிலிருந்தே பிடுங்கி எடுத்தாள். "உனக்கு இது போதும்" என்று இவர் எரிந்து விழுந்தார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஓட்டும்போது போனைத் தொட்டால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டி வைத்தவர் இவர்தானே!

"தம்பி, பைக் சாவியக் குடு. எதுவும் கேக்காதே" என்று பக்கத்துக் கடை வெல்டரிடம் வாங்கிக்கொண்டு பறந்தார். நெடுஞ்சாலையின் மேடு ஏறுவதற்கு முன்னால் பங்க்கில் பெட்ரோல் போடுவது மகளின் வழக்கம். அங்கே பிடித்தால் உண்டு. வழியில் ஓரமாக நின்ற ஒவ்வொரு காரும் அவர் உயிரை வாங்கியது.

பங்க்கில் கார் நின்றது. பக்கத்தில் மகள், முழுசாக.

அப்பாவைக் கண்டதும் அவள் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா! காலை வச்சாலே பறக்குது! முடியாதுன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரியாம ஏத்திக் குடுத்திருக்கீங்க, இல்ல? நீங்க என்னை நம்பவே மாட்டீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்ப்பா."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லிக் கிடுக்கியைக் கழற்றிவிடலாம். வளர்ந்தபிறகு அவள் இவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததே இல்லை.

"பானெட்டைத் திறம்மா" என்றார். கிடுக்கியைக் கழற்றிக் காட்டினார். "நான் ஏத்தலைம்மா. இதை எடுக்க மறந்துட்டேன். உனக்கு ஏதாவது ஆயிருந்தா..."

அவள் அவர் கையிலிருந்த கிடுக்கியை வாங்கிப் பார்த்தாள்.

"அப்ப நீங்களா குடுக்கல" என்றாள்.

"இல்லம்மா" என்றார்.