அக்காவுக்கு வந்த சாமி

இன்று மகளை மதுரைக்கு, டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவளுக்குத் திடீர் திடீரென்று தலைவலி, வேர்வை, படபடப்பு. ஏறிய பிரஷர் சற்று நேரத்தில் தானாக இறங்கிவிடும். பல மாதமாக யாருக்கும் பிடிபடவில்லை.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி வந்துருக்காய்யா?"

"நோய்னு யாருக்கும் இல்லம்மா. எங்க அக்காவுக்குச் சாமி வரும், அம்புட்டுதான்."

சொல்லும்போதே எழுமலையில் நாங்கள் வளர்ந்த வீடு கண்முன் வந்துவிட்டது. எனக்குச் சோறு பிசைந்து தருகையிலேயே அக்கா வெளுத்துப்போவாள். சேலை நனைய வேர்க்கும். நாங்கள் வேப்பிலையைக் கையில் கொடுத்து, காலில் விழுந்து குறி கேட்போம். அவளோ, "தலை வலிக்குதுடா" என்று மட்டும் சொல்வாள். நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் அப்படி வந்தது. அத்தோடு போய்விட்டாள்.

இதையெல்லாம் சொன்னதும், டாக்டரம்மா உடனே மகளின் வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே சின்னக் கட்டி; அதுதான் பிரஷரை ஏற்றி இறக்குகிறதாம். அபூர்வமானதாம், சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "அப்ப அத்தைக்கு வந்தது சாமி இல்லையாப்பா?"

"சாமிதான், ஆத்தா. அது சொன்ன குறி அன்னைக்கு எங்களுக்குப் புரியல. இன்னைக்கு டாக்டரம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு."

உங்கள் வீட்டுச் சாமியாடிக்கு யாராவது பிரஷர் பார்த்ததுண்டா?