மட்டக்குளிக் கூட்டத்தில் நான் மொழிபெயர்த்தது

அந்த அதிகாரியின் முகத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். நாசமாய்ப் போனவன்!

யுத்த காலம். கடலுக்குள் காற்றாலைகள் நட்டு மின்சாரம் எடுக்கப்போகிறார்களாம். அதற்காகச் சூழலைக் கெடுக்காத துறைமுகம் ஒன்று கொழும்பில் மட்டக்குளிப் பக்கம் வருமாம். சனங்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று கூட்டம் வைத்தார்கள். என் தம்பி அங்கே மீன்பிடிக்கிறவன். அவன் வள்ளத்தை இழுத்து வைக்கிற கரையில்தான் அந்தத் துறைமுகம். அதைக் கேட்கத்தான் போனான்.

எழும்பி, "சேர், எங்கட வள்ளத்தை..." என்று தொடங்கியதுமே அதிகாரி பாய்ந்துவிட்டார். துறைமுகத்தைப் பற்றித் தமிழன் எதற்கு விசாரிக்கிறான் என்று சிங்களத்தில் கத்தி, வாசலில் நின்ற பொலிஸைக் கூப்பிட்டார். அடையாள அட்டையைப் பறித்து, அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த பிறகு அவன் யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் குடியிருந்து ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர் தானே வந்து இரண்டாவது கூட்டம் வைக்கிறார், மூன்று மொழியும் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் நானே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் யாருடைய அக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அக்கா, எனக்கு வேண்டாம். விடுங்கோ," என்றான் தம்பி.

"நீ பின்னுக்கு வந்து இருந்தாக் காணும். வாயே திறக்க வேண்டாம்."

கூட்டம் தொடங்குமுன் அதே அதிகாரி என்னிடம், "மிஸ், ஒரு சொல்லும் விடக்கூடாது. வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார்," என்றார்.

"சரி சேர்," என்றேன். தேன் ஒழுகச் சொன்னேன்.

கருவாடு போடும் பெண் ஒருத்தி, தங்களுக்கு இடம் எங்கே என்று கேட்டாள். அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில், "இதுகளில் இரண்டைப் பிடித்து உள்ளே போட்டால் எல்லாம் அடங்கிவிடும். போனமுறை ஒருத்தனைத் தூக்கினோமே, எவ்வளவு அமைதி!" என்று சிரித்தார்.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோய் அதைத் தமிழில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

மண்டபம் கொதித்தது. "அதை மொழிபெயர்க்கச் சொன்னேனா?" என்று அதிகாரி கத்தினார். அதையும் மொழிபெயர்த்தேன்.

வெளிநாட்டுக்காரர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "யார் அந்தப் போனமுறை ஆள்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பின்வரிசையில் தம்பி எழும்பினான்.

"எங்கட வள்ளத்தை எங்க சேர் இழுத்து வைக்கிறது?"

நான் ஆங்கிலத்தில் சொன்னதும், அதை எழுதிக்கொள்ளும்படி வெளிநாட்டுக்காரர் அதிகாரியிடமே சொன்னார். வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்கிற மாதிரி நான் சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். எழுதி முடித்ததும், "வாசித்துக் காட்டுங்கள் சேர், பிழை இருக்கும்," என்றேன்.

இருந்தபடியே வாசிக்கப் பார்த்தார். என் வகுப்பில் பிள்ளைகள் எழும்பி நின்றுதான் வாசிப்பார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பினார்.