சதுரப் பந்து

எங்கள் வீட்டுக்கு டி.வி. பெட்டி வந்தபோது திண்டுக்கல்லுக்கு டி.வி. வந்திருக்கவில்லை. கொடைக்கானல் மலையில் கோபுரம் கட்டப்போகிறார்கள், அதன் பிறகுதான் படம் தெரியும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மஸ்கட்டில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்த மாமாவுக்கு, அதாவது என் அப்பாவின் தங்கை புருஷனுக்கு, மட்டும் தெரியவில்லை. முதல் விடுமுறைக்கு வரும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மொட்டை மாடியில் குழாய் நட்டு, ஏரியலைக் கட்டி, நான்கு திசைக்கும் திருப்பிப் பார்த்தோம். எந்தப் பக்கம் திருப்பினாலும் குருணை அரிசியைக் கொட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள்தான். வானம் தெளிந்திருக்கும் சில சாயங்காலங்களில் இலங்கைக்காரர்கள் மங்கலாக வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு மறைந்துபோவார்கள். அதைப் பார்க்கவே பாதித் தெரு எங்கள் முன்னறையில் கூடிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா மூன்று தடவைதான் விடுமுறைக்கு வந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் அவர்கள் வீடு சின்னது, மாமாவின் கல்யாணமாகாத தங்கைகள் இருவர் அதில் இருந்தார்கள். அதனால் அத்தை எங்களோடுதான் இருந்தாள். பகலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்புக்குப் போவாள், சாயங்காலம் எனக்குப் பின்னல் போட்டுவிடுவாள், ராத்திரி ஜெபமாலையின்போது எல்லோருக்கும் முன்னால் தூங்கிவிழுவாள். அத்தைக்குப் புருஷன் என்று ஒருவர் இருப்பதே எனக்குப் பல நேரம் மறந்துபோகும்.

டி.வி. விஷயத்தில் தெருவே சிரித்தது மாமாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது விடுமுறையில் அதற்குப் பரிகாரமாக ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார். ஆரஞ்சு நிறத்தில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து இரண்டு சுருள் வயர்கள், ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு குமிழ். அட்டைப் பெட்டியின் மேல் டென்னிஸ் ஆடுகிறவர்கள், கால்பந்து உதைக்கிறவர்கள், துப்பாக்கி பிடித்துக் குறிபார்க்கிற ஒருவன் என்று கலர் கலராகப் படம் போட்டிருந்தது. உள்ளே இருந்தது எல்லாம் ஒரே ஆட்டம். கறுப்புத் திரையில் நடுவே ஒரு புள்ளிக்கோடு, இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குச்சி, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குச்சி. குமிழைத் திருகினால் குச்சி ஏறும், இறங்கும். அதுதான் மட்டை. இரண்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்த பந்து சதுரமாக இருந்தது.

"பந்து எப்பிடி மாமா சதுரமா இருக்கும்?" என்று கேட்டேன்.

"மஸ்கட்ல அப்பிடித்தாம்மா" என்றார் மாமா. நான் வெகுகாலம் அதை நம்பினேன்.

அந்த விளையாட்டில் இல்லாத கோளாறு இல்லை. பந்து மட்டையில் பட்டால் 'டொக்' என்று சத்தம் வரும், அதைக் குறைக்க வழியே கிடையாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் படம் முழுவதும் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும், சட்னி அரைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அடாப்டர் சூடேறினால் பந்துக்கு வால் முளைக்கும். துப்பாக்கிச் சுடுதல் என்று ஒரு பொத்தான் இருந்தது, ஆனால் பெட்டிக்குள் துப்பாக்கி இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு இடது மட்டைக்கு. அது திரையின் உச்சிவரைக்கும் போகாது. நாலு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே நின்றுவிடும். பந்து அந்த மேல் மூலைக்கு வந்துவிட்டால் இடது பக்கத்துக்காரர் குமிழைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இருந்தும் எங்களுக்கு அதன்மேல் உயிர். கோபுரம் வராத ஊரில் அந்தப் பெட்டிக்குள் ஏதாவது அசைந்தது என்றால் அது இந்தச் சதுரப் பந்து மட்டும்தான். வலது மட்டைக்காக நானும் தம்பியும் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடுவோம். அத்தை மட்டும் எப்போதும் இடது மட்டையைத்தான் எடுப்பாள். அந்த நொண்டி மட்டையை வைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் தோற்கடிப்பாள்.

"நல்லதுதான் இருக்கே அத்தை, அத எடுத்துக்கங்க" என்று ஒருநாள் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"எனக்கு இதுவே பழகிருச்சுத்தா" என்றாள்.

இன்னும் ஒரு கோளாறு இருந்தது. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும், நட்டநடுவில் பட்டால் நேராகப் போகும். அந்தப் பக்கமும் நட்டநடுவில் பட்டுவிட்டால் நேராகவே திரும்பி வரும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் குமிழை ஆட்டாமல் இருந்தால் போதும், பந்து ஒரே கோட்டில் போகும், வரும், போகும், வரும். யாரும் ஜெயிக்க மாட்டார்கள், யாரும் தோற்க மாட்டார்கள், ஆட்டம் முடியவே முடியாது. இந்த ரகசியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தைதான். ஆனால் நானும் தம்பியும் ஆடும்போது அந்தக் கோடு வந்தால் இரண்டு மூன்று 'டொக்'குகளுக்கு மேல் நிற்காது. ஒருவரை ஒருவர் ஏமாற்றி ஜெயிக்கிற ஆசையில் யாராவது குமிழை ஆட்டிவிடுவோம்.

மூன்றாவது விடுமுறைக்கு மாமா வந்தபோது நான் ஆவலாகப் பார்த்தது துப்பாக்கியைத்தான். "மறந்துட்டேம்மா, அடுத்த தடவ கட்டாயம்" என்றார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து இடது மட்டையை ஆராய்ந்தார். உள்ளே ஏதோ ஒரு சாமான் தேய்ந்துவிட்டதாம், அது இங்கே கிடைக்காதாம். "அதையும் அங்கருந்து கொண்டாரேன்" என்று சொல்லி மூடிவிட்டார். ஆக, மாமா மறுபடி மஸ்கட்டுக்குப் போவதற்கு எனக்கு இரண்டு நல்ல காரணங்கள் இருந்தன.

அத்தைக்கு ஒன்றுகூட இல்லை. அந்த விடுமுறை முழுவதும் அவள் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டு இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று. அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் காதில் விழும்.

"கோபுரம் வந்துருச்சுன்னா ஊருல அம்புட்டுப் பேரும் டி.வி. வாங்குவாங்க. ரிப்பேர் பாக்க ஆளு வேணும்ல? கஞ்சியக் குடிச்சாலும் இங்கனயே இருப்போம்ங்க."

"இந்த ஒரு தடவதான். ரெண்டு தங்கச்சிகளயும் கரையேத்திட்டு வந்துர்றேன்."

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க."

எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வரும். துப்பாக்கி வருகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று.

மாமா கிளம்புகிற சாயங்காலமும் வந்தது. மெட்ராஸ் ரயிலைப் பிடித்து அங்கிருந்து பம்பாய்க்குப் போக வேண்டும். திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி எல்லோரும் முழங்கால் போட்டு ஜெபித்து எழுந்தோம். வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அப்பாவும் வண்டிக்காரரும் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள். மாமா என் தலையில் கை வைத்து, "ஒரு ஆட்டம் போடுவமா?" என்றார். நான் ஓடிப்போய் டி.வி.யைப் போட்டு வயர்களைச் செருகினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை அடுப்படியிலிருந்து வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பாயில் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஏமாற்றம்தான். ஊருக்குப் போகிறவர் என்பதால் வலது குமிழை மாமாவுக்கு விட்டுக்கொடுத்தேன்.

ஆட்டம் என்றால் பதினைந்து பாயிண்ட். அத்தை அன்றைக்குச் சரியாக ஆடவில்லை. மேல் மூலைக்கு வந்த பந்துகள் மட்டுமல்ல, கைக்கு நேராக வந்த பந்துகளும் தப்பிப்போயின. மாமா பதினாலுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, ரயிலுக்கு நேரமாச்சு" என்று வாசலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"இந்தா, இன்னும் ஒரு பாயிண்டுதான் மச்சான். இது முடிஞ்சதும் கெளம்பிர்றேன்."

பந்து வந்தது. அத்தையின் மட்டையில் நட்டநடுவில் பட்டு நேராகப் போனது. மாமாவின் மட்டையிலும் நட்டநடுவில் பட்டு நேராகத் திரும்பியது. டொக். டொக். கோடு விழுந்துவிட்டது.

இப்போது யாராவது ஆட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை. டொக். டொக். வண்டிக்குதிரை கால் மாற்றி மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. "சார், குதிர நிக்க மாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர்.

"மாமா, இது இப்பிடியே போனா முடியாது. யாராச்சும் ஆட்டணும்" என்றேன். இவ்வளவு பெரியவர்களுக்கு இது தெரியவில்லையே என்று இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தைக்குக்கூடவா மறந்துபோகும்?

அம்மா உள்ளேயிருந்து கட்டுச்சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். அவர்களைப் பார்த்ததும் அப்படியே அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். அத்தை திரையைப் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை. அந்தக் கோட்டுக்குத் திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லைதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. டொக். டொக்.

"ஏம்மா" என்று அப்பா வாசற்படியில் நின்று தங்கையைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் சொன்னார். அதட்டவும் இல்லை.

அத்தை குமிழைத் திருகினாள். இடது மட்டை மெல்லக் கீழே இறங்கி அடிவரைக்கும் போய் நின்றது. பந்து வெறும் இடத்தைக் கடந்து வெளியே போயிற்று. ஆட்டம் முடிந்ததற்கான நீளச் சத்தம் வந்தது.

"நீங்க செயிச்சுட்டீங்க" என்றாள் அத்தை. "கெளம்புங்க."

மாமா உடனே எழவில்லை. குமிழைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என் கையில் கொடுத்தார். அது வேர்வையில் நனைந்திருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் பின்னாலேயே ஓடி, "மாமா, துப்பாக்கிய மறந்துராதீங்க!" என்று கத்தினேன். மாமா கையை உயர்த்திக் காட்டினார்.

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. மறு வருஷம் தவக்காலத்தில் ஒரு மத்தியானம் தந்தி வந்தது. புதுக் கட்டடம் ஒன்றில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் அடித்துவிட்டதாம். உடம்பு வந்து சேர வெகுநாள் ஆயிற்று. வந்த பெட்டியைத் திறக்கவில்லை. அத்தை ரயிலடியிலிருந்து கல்லறைவரைக்கும் அழாமல் வந்தாள். மாமாவின் சாமான்கள் ஒரு சூட்கேசில் தனியாக வந்தன. அதற்குள் பொம்மைத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பெரியவர்கள் அதை என்னிடம் காட்டாமல் எங்கோ எடுத்து வைத்துவிட்டார்கள். கல்லூரி படிக்கும்போதுதான் அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

பிறகு மலையில் கோபுரம் வந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றுக்கு இரண்டாக ரிப்பேர் கடைகள் வந்தன. அத்தை அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில் போவாள். சதுரப் பந்தை யாரும் சீந்தவில்லை. ஒரு மழை நாளில் பரணிலிருந்து அதை இறக்கி, அந்தக் கோட்டை வரவழைக்கலாம் என்று நானும் தம்பியும் வெகுநேரம் முயன்றோம். நான் ஆடாமல் பிடித்தால் அவன் ஆட்டிவிடுவான், அவன் பிடித்தால் என் கை ஆடிவிடும். கோடு நிற்கவே இல்லை. அது ஒருவர் நினைத்தால் மட்டும் நிற்கிற கோடு அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மாமாவும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அந்தச் சாயங்காலத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வண்டியை வழியனுப்பிவிட்டு நான் மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தபோது அத்தை பாயிலேயே உட்கார்ந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் தோற்றதைத் தாங்க முடியவில்லை.

"ஏன் அத்தை மட்டைய எறக்குனீங்க? அப்பிடியே வச்சிருந்தா நீங்க தோத்துருக்கவே மாட்டீங்கல்ல?"

"கை வலிச்சுச்சுத்தா."

"கையத்தான் ஆட்டவே இல்லையே. சும்மா வச்சிருந்தா கை எப்பிடி வலிக்கும்?"

அத்தை வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். "வலிச்சிருக்கக் கூடாதுதான்."

அத்தையையே மடக்கிவிட்டேன் என்ற பெருமையோடு நான் சாப்பிடப் போனேன்.