பின்னால் வருகிறவர் பொறுப்பு

என் அண்ணன் என் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டான். ஏரலில் வாழைத்தார் வியாபாரம் செய்கிற ஓர் அண்ணாச்சி, கல்லூரியில் படிக்கும் மகனுக்காகக் கேட்கிறாராம். திங்கள்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் கையோடு எடுத்துப் போவார் என்று ஏற்பாடு. எனக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் இந்தச் சுறுசுறுப்பில் கால்வாசியை அவன் காட்டியிருந்தால் இன்றைக்கு நான் யார் வீட்டிலோ இருந்திருப்பேன். அப்படி இருந்திருந்தால் இந்த வண்டி இருந்திருக்காது. அந்த வகையில் அவனுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் நான், கீழே அண்ணன் குடும்பம். அவன் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் வாகன இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். யார் வண்டி எங்கே இடித்தது, எந்தப் பக்கம் நசுங்கியது என்று நாள் முழுக்கப் படிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் நானூறு சிசி பைக் வாங்கியதை என் ஆபீஸில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

வாங்கி வெட்டி முறிப்பது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாபநாசம் வரை போவேன். அணையை, அருவியை, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். அந்த அரை நாளில் என்னிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. எங்கள் சபைப் போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்று அழைப்போம். அவர் ஒருமுறை, "எதுக்கும்மா இவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டார். "எனக்கு இதுதான் அளவு, ஐயரம்மா" என்றேன். அதற்குப் பிறகு என் பெயர் ஜெபக் குறிப்பில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னலை ஜாக்கெட்டுக்குள் சொருகிவிட்டால் ஊருக்கு நான் ஆண். வண்ணார்பேட்டை சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர், "ஏலே, தள்ளி நில்லுலே" என்று என்னை ஏசியபோது மனசு குளிர்ந்துபோனது. பின்னல் வெளியே கிடந்தால் கதை வேறு. பால்கேன் கட்டிய மொபெட்டுக்குக்கூட என்னைத் தாண்டியே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிடும். ஹாரனை அமுக்கிக்கொண்டு முதுகிலேயே வந்து நிற்பார்கள். எதற்கு வம்பு என்று நான் இடதுபக்கம் ஒதுங்கிவிடுவேன். கண்ணாடியைப் பார்ப்பதும் ஒதுங்குவதும் எனக்குக் கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது.

போன வருஷம் விழுந்தேன். வீரவநல்லூருக்கு முன்னால் வயலை ஒட்டி ஒரு வளைவு. முன் சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியது. அடுத்த நிமிஷம் நானும் வண்டியும் வாழைத்தோட்டத்தில் கிடந்தோம். காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. அதன் பிறகு எந்த வளைவு வந்தாலும் கை விறைத்துவிடும், வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும். இதை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி, ஒனக்கு வளைவு வரல. வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கோ. ஓட்டத் தெரியலன்னு ஒத்துக்கிட்டா கவுரவம் கொறஞ்சா போவும்?"

ஸ்கூட்டரைச் சொன்னது வலிக்கவில்லை. ஓட்டத் தெரியவில்லை என்றது வலித்தது. அவன் சொல்வது நிஜமாக இருக்குமோ என்ற பயம் எனக்கே இருந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் பொறு" என்றேன். "கோயம்புத்தூர்ல ரேஸ் ஓட்டுத தடம் இருக்குல்லா. நம்ம ரோட்டு வண்டியவே அங்க கொண்டுபோய் ஒரு நாள் ஓட்டலாம், டிராக் டேன்னு சொல்லுவாங்க. மாடு கெடையாது, பஸ்ஸு கெடையாது. அங்கனயும் எனக்கு வளைவு வரலன்னா சாவிய நானே ஏரல் அண்ணாச்சி கையில குடுத்துருதேன்."

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தச் சிரிப்பை மதுரை தாண்டும் வரை மனசில் திட்டிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை காலை அந்த இடத்துக்குப் போய் நின்றால், என் தலைமுறையில் யாருமே இல்லை. எல்லாம் நேற்று மீசை முளைத்தவர்கள். வாடகைக்குக் கிடைத்த தோல் உடுப்பு ஆணுக்குத் தைத்தது. தோளில் தொளதொளத்தது, இடுப்பில் பிடித்தது. பெரிய ஒப்புதல் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அங்கிருந்தவர்களில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். செத்தால் யாரும் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. எங்கள் ஆபீஸ் அதையே பத்துப் பக்கத்தில் சுற்றிச் சுற்றிச் சொல்லும். நேர்மையான படிவம் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு வண்டியைச் சோதித்தார்கள். விழுந்தால் கண்ணாடிச் சில்லு தடத்தில் சிதறக்கூடாது என்பதற்காக முன்விளக்கில் டேப் ஒட்டினார்கள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி இரண்டையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அதுவரை எனக்குப் பயம் இல்லை. கண்ணாடி இல்லாத வண்டியைப் பார்த்ததும் வந்தது. யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது?

பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. விதிகளை வரிசையாகச் சொன்னார். நீண்ட பிரசங்கத்தைக் கேட்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன், அதாவது ஒன்றும் காதில் விழவில்லை.

முதல் சுற்றில் முதல் வளைவு வந்ததுமே என் கட்டை விரல் தானாக ஹாரனை அமுக்கிவிட்டது. எங்கள் ஊரில் வளைவுக்கு ஹாரன் அடிக்காதவன் மனுஷனே இல்லை. ஓரத்தில் கொடியோடு நின்ற பையன் சிரித்துக் குனிந்தே விட்டான். அடுத்த வளைவிலும் அடித்தேன். அது வேண்டுமென்றே அடித்தது.

இரண்டாம் முறை தடத்துக்குள் போனபோதுதான் வினை வந்தது. நேரான பகுதியில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு வண்டியின் சத்தம் கேட்டது. கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தேன், அங்கே வெறும் வானம். உடனே பழக்கப்படி இடதுபக்கம் ஒதுங்கி, போ போ என்று கையையும் காட்டினேன். அந்தப் பையனோ என்னை இடதுபக்கமாகத்தான் தாண்ட வந்திருக்கிறான். நூலிழையில் தப்பித்துப் புல்லுக்குள் பாய்ந்தான். விழவில்லை. எனக்குக் கறுப்புக் கொடி காட்டினார்கள், வெளியே வா என்று அர்த்தம்.

பயிற்சியாளர் வேகமாக வந்தார்.

"ஏனுங்க்கா, எதுக்கு ஒதுங்குனீங்க?"

"பின்னால வந்தாங்கல்லா, வழி விட்டேன்."

"வழி உடக்கூடாதுங்க. காலைலயே சொன்னனே. பின்னால வர்றவனுக்கு நீங்க தெரியறீங்க, உங்களுக்கு அவன் தெரியறதில்ல. உங்களத் தாண்டறது அவன் பொறுப்பு. நீங்க உங்க கோட்டுலயே போனீங்கன்னாத்தான் அவன் கணக்குப் போட முடியும். ஒதுங்குனா ரெண்டு பேரும் உழுவீங்க. இன்னொருக்கா ஒதுங்குனீங்கன்னா இன்னைக்கு வண்டி தொட முடியாதுங்க."

"இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாத்துக்குந்தானுங்க" என்றார்.

தகரக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். தோல் உடுப்புக்குள் வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் வீரவநல்லூர் வளைவு கண்முன் வந்தது. அன்றைக்கும் பின்னால் ஒரு கார் வந்தது. விடாமல் ஹாரன் அடித்தது. வளைவின் நடுவில் அதற்காக நான் ஒதுங்கினேன், சக்கரம் மண்ணில் இறங்கியது. காரைப் பற்றி அண்ணனிடமோ டாக்டரிடமோ நான் சொல்லவே இல்லை. மறைக்கவும் இல்லை. மூச்சு விட்டேன் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அதைப்போல ஒதுங்கினேன் என்பதும் சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. வளைவில் விழுந்தேன் என்றுதான் சொன்னேன். எல்லாரும் வளைவைப் பிடித்துக்கொண்டார்கள், நான் உட்பட.

வளைவு எனக்கு வராமல் இல்லை. வளைவுக்குள் நான் இருக்கத்தான் யாரும் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு வருஷம் என்னை நானே ஓட்டத் தெரியாதவள் என்று திட்டிக்கொண்டதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுகையைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். பின்னலை உள்ளே சொருகிக்கொள்ளச் சொல்லியிருந்ததால் சொருகிக்கொண்டேன், இல்லாவிட்டால் வெளியே விட்டிருப்பேன்.

மூன்றாம் முறை முதல் வளைவுக்கு முன்பே பின்னால் சத்தம் கேட்டது. இடது தோள் தானாகச் சாயப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் கோட்டிலேயே போனேன். பின்னால் வருகிறவர் பொறுப்பு, பின்னால் வருகிறவர் பொறுப்பு என்று சபையில் சங்கீதம் சொல்வது மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வளைவுக்குள் போனேன். வண்டி சாய்ந்தது, திரும்பியது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். நேர்ப்பகுதி வந்ததும் அந்த வண்டி எனக்கு வெகுதூரம் தள்ளி, என்பாட்டுக்கு என்னைப் போகவிட்டுத் தாண்டிப் போனது. அதன் பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் என்னைத் தாண்டினார்கள். அன்றைக்கு அங்கே ஓட்டியவர்களில் நான்தான் கடைசி. இதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. ஒரு தடவைகூட ஒதுங்காமல் கடைசியாக வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பினேன். திங்கள்கிழமைக்கும் லீவு சொல்லியிருந்தேன். காலையில் அண்ணன் நம்பவில்லை.

"அங்கன யாரு பாத்தா? மாடு இல்லாத ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம். இங்கன ஓட்டிக் காட்டு பாப்போம்."

"ஏறு பின்னால" என்றேன்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொன்ன வாய் அவனுடையது. என் பழைய மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினான். நேரே வீரவநல்லூர் ரோட்டுக்கு விட்டேன். அந்த வளைவு வரும்போது, வேண்டி அழைத்த மாதிரி பின்னால் ஒரு கார் வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. கண்ணாடியில் பார்த்தேன், பார்த்ததோடு சரி. ரோட்டில் என் பாதியின் நடுவிலேயே போனேன்.

"ஏட்டி, ஒதுங்கு! ஒதுங்குட்டி!" அண்ணன் என் தோளில் குத்தினான். முறிந்து கூடிய அதே தோள். நான் ஒதுங்கவில்லை. வளைவு முடிந்து ரோடு நேரானது. கார் வலதுபக்கமாக, தாராளமாக இடம் விட்டு, தாண்டிப் போனது. ஓட்டியவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும், முறைப்பதற்கு நேரம் இருந்ததல்லவா.

டீக்கடையில் நிறுத்தினேன். அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"அவன் இடிச்சிருந்தா?"

"இடிக்கலல்லா. போன வருஷம் இதே எடத்துல நான் ஒதுங்கினேன்ணே. அதான் விழுந்தேன். வளைவுனால விழல."

அவன் டீயைக் குடித்து முடித்தான். பிறகு, "நான் பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய் நின்றான்.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இன்னொரு டீ சொல்லிக் குடித்தேன். பின்னலை இழுத்து வெளியே விட்டுக்கொண்டு கிளம்பினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் பின்னால் பஸ் வந்துவிட்டது. எதிரே லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, தாண்ட இடமில்லை. ஆனாலும் டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. மண்ணில் இறங்கு என்று அர்த்தம். நான் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முன் சீட்டில், மடியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அண்ணன் உட்கார்ந்திருந்தான். டிரைவர் பக்கம் குனிந்து என்னவோ சொன்னான். சட்டென்று ஹாரன் நின்றது. ரோடு காலியானதும் பஸ் பைய விலகித் தாண்டிப் போனது.

பஸ் நின்று நின்று வந்ததால் வீட்டுக்கு நான்தான் முதலில் வந்தேன். சாவியை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனுக்காக வாசலில் நின்றேன். அண்ணன் வந்து ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினான்.

"ஏரல் அண்ணாச்சிய வர வேண்டாம்னு போன் பண்ணிட்டேன்."

"எப்பம்?"

"பஸ்ஸுல இருந்துதான்."

நான் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"அந்த டிரைவர்ட்ட என்ன சொன்ன?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அவ ஒதுங்க மாட்டா வே, நீரு பைய போரும்னேன்."