கண்ணாடிப் பெட்டிக்குள் ராசாவின் சப்பாத்து

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை அந்தக் கிறிஸ்தவ மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அது பழைய காலத்து அரச மடம், பின்னேரம் கேக் சாப்பிட நல்ல இடம். தோட்டத்துக்குள் இப்போது வெறுங்காலோடு நடக்கவென்று ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். மணல், கூழாங்கல், சேறு. வாசலில் சப்பாத்து வைக்க மரத்தட்டு, கழற்றி வையுங்கள் என்று பலகை. சனம் ரிக்கற் எடுத்து, காற்சட்டையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடக்குது, ஏதோ ஞானம் கிடைத்த மாதிரி. சீ, பார்க்கச் சகிக்கவில்லை.

"அப்பா, கழட்டுங்கோவன். நல்லா இருக்கும்."

"நீ போ பிள்ளை. நான் இதில நிக்கிறன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து பியர்க்கடையிலிருந்து புளிச்ச முட்டைக்கோவா அவியும் மணம் வந்தது. அகதி முகாமில் அதைத் தட்டில் போட்டுத் தந்தபோது மிளகாய்த்தூள் தூவி விழுங்கியவன்தான் நான். ஒருக்கால் தேங்காய்ப்பூப் போட்டு அதில் வறை செய்யப் போய், முகாமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அது என் கெட்டித்தனம். ஆனால் அந்த மணத்தில் எனக்கு வெறுப்பு வந்தது முகாமில் இல்லை. இந்த மடத்தில்தான்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். மேல் கட்டிலில் நான், கீழ்க் கட்டிலில் சோதி அண்ணை. அவரிடம் ஒரு மண்ணிறத் தோல் சப்பாத்து இருந்தது. கொழும்பில் வேலை கிடைத்த புதிதில் அவருடைய தம்பி வாங்கியது. அண்ணை வெளிக்கிட்ட அன்று, அங்கே குளிராம் என்று தன் காலில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனானாம். அண்ணைக்கு அது பெரிது. முன்பக்கத்தில் பேப்பர் அடைத்துப் போடுவார். அவர் இங்கே வந்து கொஞ்ச நாளில் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அண்ணை சைவக்காரர், மச்சம் மாமிசம் தொடமாட்டார். ஆனால் ஊரில் மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்காத சைவக்காரர் எத்தனை பேர் சொல்லுங்கோ? தம்பிக்காக ஒரு மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று நச்சரித்தபடி இருந்தார். எங்களுக்கோ அகதிச் சட்டப்படி மாவட்ட எல்லையைத் தாண்ட ஏலாது. எல்லைக்குள் இருந்த மாதா இந்த மடத்து மாதாதான். முகாமுக்கு உடுப்புக் கொண்டுவரும் ஹில்டே அம்மா எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தா.

ஊர் வடிவுதான், சும்மா சொல்லக்கூடாது. மரச்சட்டம் போட்ட வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ. அந்தப் பூவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தார்களே ஒரு பார்வை, சாக்கடையிலிருந்து ஏறி வந்ததைப் பார்ப்பதுபோல. எதிரே வந்த ஒருத்தி கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

முதலில் மடத்து நூதனசாலை. மடத்தைக் கட்டுவித்த ராசாவின் சப்பாத்து ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கறுத்துச் சுருங்கின கருவாடு மாதிரி ஒரு சாமான். அதற்கு வெல்வெட் மெத்தை, மேலே விளக்கு. அதன் முன்னால் ஹில்டே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தா.

பிறகு கோயில். அம்மா முன்னுக்குப் போய்விட்டா. வாசலில் நாங்கள் இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றினோம். யோசித்துச் செய்ததில்லை, கால் தன்பாட்டில் செய்தது. அண்ணை தன்னுடையதைச் சோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். வாசல்காரன் விளக்குமாறோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அண்ணை திரி கொளுத்தி, முழங்காலில் நின்று, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

வெளியில் வந்தால் சுவரோரம் வெறுமை. ஹில்டே அம்மா வாசல்காரனிடம் விசாரித்தா. கலியாணப் பகுதி வரப்போகுது, வாசலில் ஊத்தை கிடந்தது, குப்பையில் எறிந்துவிட்டேன் என்றான். எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவன்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மாவோ அவனை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, கோயிலில் ஆராவது சப்பாத்துக் கழற்றுவார்களா என்று கேட்டா. நல்ல மனிசி. அதுதான் இன்னும் அரியண்டமாக இருந்தது.

சோதி அண்ணை என்னைப் பார்த்தார்.

"கும்பிடுற இடத்துக்கு ஆர் சப்பாத்தோட போறது? கேள் அவவிட்ட."

என்னிடம் இருந்த ஜேர்மன் அகதி அன்ட்ராக் படிவம் நிரப்பத்தான் காணும். கேட்கவில்லை.

பியர்க்கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டிக்குள் அண்ணை தோள்வரைக்கும் கையை விட்டார். புளிச்ச கோவா, பன்றி எலும்பு, சிகரெட் சாம்பல். மச்சம் தொடாத மனிசன் அதையெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டு, என்னுடையதையும் தன் சோடியையும் எடுத்தார். சந்தைச் சதுக்கத்து நீர்த்தொட்டியில் கழுவினபோது மேல் ஜன்னலிலிருந்து ஒருத்தி பொலிசைக் கூப்பிடுவேன் என்று கத்தினாள். ஈரத்தோடு போட்டுக்கொண்டு காரில் ஏறினார். மணம் தாங்காமல் ஹில்டே அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டா. முகாம்வரைக்கும் குளிரில் நடுங்கினோம்.

அந்த மணம் தோலை விட்டுப் போகவே இல்லை. தோல் வெடித்துப் பிய்ந்த பிறகும் அண்ணை அதை எறியவிடவில்லை. பிறகு ஹம் நகரத்தில் எங்கள் சனம் கட்டின அம்மன் கோயிலுக்கு வந்தாலும் சப்பாத்தைக் கழற்றிக் கடைப் பைக்குள் போட்டு, கமக்கட்டில் இடுக்கிக்கொண்டுதான் சாமி கும்பிடுவார். இளசுகள் சிரிக்கும். நான் சிரித்ததில்லை.

மகள் காலைத் துடைத்துக்கொண்டு வந்து, நூதனசாலையைப் பார்ப்போம் என்றாள். குப்பைத்தொட்டி நின்ற இடத்தில் இப்போது கார் நிற்குது. வாசல்காரனும் இல்லை, ஹில்டே அம்மாவும் இல்லை. சோதி அண்ணை போன மாசியில் போய்விட்டார். தம்பியைப் பற்றிக் கடைசிவரைக்கும் ஒரு சேதியும் வரவில்லை. அந்தச் சப்பாத்து எந்த ஊர்க் குப்பையில் முடிந்ததோ தெரியாது.

ராசாவின் சப்பாத்து இருக்கு. விளக்குத்தான் புதுசு.

"எவ்வளவு கவனமா வச்சிருக்கினம், என்னப்பா?" என்றாள் மகள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.