படகில் மூன்றாவது ஆள்

என் மாப்பிள்ளையும் நானும் கல்யாணம் முடிந்த ஏழு மாதங்களில் ஒரு வார்த்தைகூட நேரடியாகப் பேசிக்கொண்டதில்லை. கோபம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மகள் தானே தேர்ந்தெடுத்த பையன். நான் இரண்டு மாதம் விசாரித்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. செங்கல்பட்டிலேயே மண்டபம் பிடித்து முறையாகச் செய்து வைத்தேன். அதன்பின் அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் மகளிடம், அவரைக் கை கழுவச் சொல்லம்மா என்பேன். அவர் அவளிடம், மாமாவும் உட்காரலாமே என்பார். எங்கள் வீட்டு வழக்கம் அது. என் மாமனாரும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் என் மனைவி வழியாகவே பேசினோம். ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. அவர் இறந்தபோது அதிகம் அழுதது நான்தான் என்று இன்றும் சொல்வார்கள்.

மாப்பிள்ளை வளர்ந்த வீட்டில் வழக்கம் வேறு போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மகள் தனியாக வந்தாள். சிறுசேரியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி, ஐதராபாத்தில் பெரிய பொறுப்பு தருகிறதாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எங்களுக்கு அவள் ஒரே மகள். கேளம்பாக்கத்திலிருந்து இப்போது ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறாள். ஐதராபாத் என்றால் ரயிலில் ஓர் இரவு. அவருக்குப் போக விருப்பமா என்று கேட்டேன்.

"அவருக்கு ஆசையெல்லாம் இல்லப்பா. இங்கயே இருந்து என்ன ஆகப்போகுது, உங்கப்பாவுக்கு என் மூஞ்சியே பிடிக்கலங்கறாரு."

அவர் முகத்தில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றேன். அதை அவரிடமல்லவா சொல்ல வேண்டும் என்றாள். நீயே சொல்லிவிடு என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஞாயிறு காலை, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து, தூண்டில் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காகக் கரையோரக் கடலில் நான்கு மணி நேர மீன்பிடிப்பு. ராடு, இரை, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர்களே தருவார்கள். மகள் இரண்டு பேருக்குப் பதிவு செய்திருந்தாள். அந்த இரண்டு பேரில் அவள் இல்லை.

மாப்பிள்ளை காரோடு ஐந்து மணிக்கு வாசலில் நின்றார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். நில அளவைத் துறையில் எனக்கு இருபத்தெட்டு ஆண்டு சர்வீஸ். அந்தப் பக்கத்து வயல்களில் பலவற்றைச் சங்கிலி பிடித்து அளந்தவன். இருந்தாலும் வழி சொன்னது அவருடைய கைப்பேசியிலிருந்த பெண் குரல்தான். ஓரிடத்தில் அது தவறாகத் திரும்பச் சொன்னது. மாப்பிள்ளை திரும்பினார். அதைத் திருத்த வேண்டுமானால் நான் அவரிடம் பேச வேண்டும். பதினொரு நிமிடம் வீணாயிற்று.

படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். மணலில் நிற்க வைத்தே பாடம் நடத்தினார். முள்ளில் இறால் குத்துவது, ஈயக் குண்டு தரையைத் தொட்டதும் ரீலை இரண்டு சுற்றுச் சுற்றுவது, ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து காட்டினார். நல்ல ஆசிரியர். கடைசியாக ஒரே ஒரு விதி சொன்னார்.

"கடிச்சா கத்து. பக்கத்து ஆளு உஷாராயிடுவான். கம்முனு இருந்தீன்னா மீனு போயிடும்."

நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

ஃபைபர் படகை நான்கு பேர் அலைக்குள் தள்ளிவிட்டார்கள். கலங்கரை விளக்கம் ஒரு சவுக்குத் தோப்பின் நுனிக்கு நேராக வந்ததும் அவர் என்ஜினை நிறுத்தி, முன்பக்கம் நங்கூரம் போட்டார். கீழே பாறைத் திட்டு, ஆழம் எட்டு பாகம் என்றார். பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம். யாருடைய கைகள் என்று கேட்டேன். அவர் இரைப் பெட்டியைத் திறந்தார்.

மாப்பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டில் கீழ்க் கொக்கி மாட்டாமல் இருந்தது. அதை மாட்டச் சொல்லுங்கள் என்று படகுக்காரரிடம் சொன்னேன். அவர் சொன்னார். மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு, மாமாவை முகத்துல வெயில் படாத பக்கம் உட்காரச் சொல்லுங்க என்று படகுக்காரரிடம் சொன்னார். அவர் என்னிடம் சொன்னார். எனக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே இரண்டு முழம் இருந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் இட்லிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், தலைசுற்றல் மாத்திரை எல்லாமே இந்த வழியில்தான் பரிமாறப்பட்டன. நான் மூன்று கிழங்கான் பிடித்தேன். மாப்பிள்ளை பேத்தை என்றொரு விஷ மீனைப் பிடித்தார். அது அவர் கையில் பந்துபோல உப்பியது. இத்தத் துன்னா நேரா மேலதான் என்று படகுக்காரர் அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இன்னா சார், ரெண்டு பேருக்கும் இன்னா பேஜாரு?"

பேஜார் ஒன்றும் இல்லை, அவர் என் மாப்பிள்ளை என்றேன். "ஓ" என்று அவர் எல்லாம் புரிந்ததுபோலத் தலையசைத்தார். தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்பார்.

ஒன்பது மணி அளவில் நீரோட்டம் மாறியது. படகுக்காரர் முன்பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நங்கூரக் கயிற்றை நீளம் விட்டுக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளையின் ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று ஓடியது. அவர் எழுந்து நின்றார். கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ராடைப் பிடித்திருந்தார்.

மீன் முன்பக்கமாக ஓடியது. தூண்டில் நரம்பு நங்கூரக் கயிற்றை நோக்கிச் சாய்ந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. என் இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. கோணம் பார்ப்பது என் தொழில். அவர் இரண்டடி பின்னால் வந்தால் போதும், நரம்பு கயிற்றைத் தொடாது.

"கொஞ்சம் அவரைப் பின்னால வரச் சொல்லுங்க" என்று படகுக்காரரிடம் சொன்னேன்.

அவர் காதில் சரியாக விழவில்லை. இன்னா என்று கேட்டார். நரம்பு கயிற்றில் உரசப் போகிறது, அவர் இரண்டடி பின்னால் வர வேண்டும் என்று மறுபடியும் முழுமையாகச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னாண்ட சொல்லிகினு கீறியே சார், அவராண்ட சொல்லு."

அதற்குள் அறுந்துவிட்டது. சத்தம் மிகச் சிறியது, சட்டைப் பொத்தான் தெறிப்பதுபோல. மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்ட ராடைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பிறகு படகுக்காரரிடம், "போயிடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றார்.

படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு எழுந்து வந்து எங்கள் எதிரில் நின்றார்.

"பாறை மீனு. மூணு கிலோ இருக்கும். நரம்பு அந்து மீனு போறது சகஜம். ராடே போயிருக்குது. ஆனா பக்கத்துலயே குந்திகினு வாயத் தொறக்காம மீன வுட்டவங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன். இனிமே ரெண்டு பேரும் என்னாண்ட பேசாதீங்க."

அவர் முன்பக்கம் போய்ப் படுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் மனத்துக்குள் மூன்று வாக்கியங்கள் தயாரித்தேன். முதலாவது மிக நீளம். இரண்டாவது கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. மூன்றாவதைச் சொன்னேன்.

"ஐதராபாத்ல கடல் கிடையாதே."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு நான் யாரிடம் பேசுகிறேன் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் என்ஜின் இருந்தது.

"கிடையாது மாமா" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஏரி இருக்கு" என்றார்.

"ஏரி வேற."

"ஆமாம் மாமா."

"நரம்பு கயித்துப் பக்கம் போனத நான் பாத்தேன். உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்."

அவர் ராடின் நுனியைத் துடைத்தார். அதில் துடைக்க எதுவும் இல்லை. "நானும் கத்தியிருக்கணும். படகுக்காரர் சொல்லித்தான் கொடுத்தாரு. உங்க முன்னாடி எப்படிக் கத்தறதுன்னு இருந்துட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மாமனார் முன் நான் ஒருமுறை தும்மலை அடக்கிக் காது அடைத்துப்போனது நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். எந்தக் காது என்று கேட்டார். இடது காது என்றேன். படகுக்காரரின் துண்டு ஒருமுறை குலுங்கியது.

"உங்களுக்குப் போகணும்னா போங்க" என்றேன். "நான் பேசாதத வச்சுப் போகாதீங்க. மூஞ்சி பிடிக்காமல்லாம் இல்ல."

அவர் கடலைப் பார்த்தபடி இரண்டு முறை தலையாட்டினார். போகிறேன் என்றா, இல்லை என்றா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. ஒரு நாளைக்கு அது போதும் என்று பட்டது. திரும்பும்போது காரில் ஒரு திருப்பம் மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அப்படி வருவது அதுவே முதல் முறை.

"மாமா, ஐதராபாத் வேணாம்னு எழுதிட்டேன்."

சரி என்றேன். மறுபடியும் சரி என்றேன். போனை மகளிடம் கொடுங்கள் என்றேன்.

"அவ கடைக்குப் போயிருக்கா மாமா. நான்தான் இருக்கேன்."

என் மனைவியும் வீட்டில் இல்லை. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மதியம் என்ன குழம்பு என்று கேட்டேன்.

"வத்தக்குழம்பு" என்றார். "கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."