கேட் எதிரே உட்கார்ந்த சாமி

மூன்றாவதோடு படிப்பை விட்ட நான்தான் மந்தாரக்குப்பத்தில் லாரி செட்டும் மாடி வீடும் கட்டினேன். வெளிநாட்டில் யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு நரைத்தாடிக்காரரின் உயிரையும் நான்தான் காப்பாற்றினேன்.

விடிந்ததும் கிடைத்த இடத்தில் சம்மணமிட்டுக் கண்மூடுவது அவர் பழக்கம். எங்கள் ஊருக்கு வந்திருந்தவர், கான்ட்ராக்ட் ஆட்கள் ஸ்டிரைக் செய்த நாளில் நிலக்கரிச் சுரங்க கேட் எதிரே உட்கார்ந்துவிட்டார். லோடுக்காக லாரியோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

“மறியலா பண்ணிகினு இருக்கே? எழுந்திருடா!” என்று கான்ட்ராக்டரின் அடியாள் இரும்புக் கம்பியை ஓங்கினான். அவர் அசையவில்லை. குறுக்கே நீட்டிய என் முழங்கை நொறுங்கியது. மறு கையால் அவன் மூக்கை உடைத்தேன். ரத்தம் அவர் தாடியில் தெறித்தது.

கண் திறந்தவர், “கோவம் வேணாங்க, மூச்ச கவனிங்க” என்றார்.

“நான் மூச்ச கவனிச்சிருந்தா உங்க மண்டை பொளந்திருக்கும், சாமி!”

தன் அமைதிதான் கம்பியைத் தடுத்தது என்று இப்போது வெளிநாட்டில் பாடம் நடத்துகிறாராம். அப்படி அசையாமலிருக்க எனக்கு வராது. ஆனால் தடுத்தது என் முழங்கை. அதையும் பாடத்தில் சேருங்கள், சாமி.